நெய் உருண்டை மட்டும் பாக்கி

சைவத்திலிருந்து வீகனுக்கு ஒரே ஒரு படிதான் என்பார்கள். அந்தப் படியில் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், தேன் என்று ஒரு பெரிய குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. எல்லாரையும் ஒரே நாளில் எழுப்பிவிட முடியாது. ஒன்றரை ஆண்டாக ஒவ்வொருவராக வழியனுப்பி வருகிறேன்.

'வீகன்' 1944இல் இங்கிலாந்தில் பிறந்த சொல். காரணம் நமக்குப் புதிதில்லை. உயிர்க்கொலை வேண்டாம் என்றுதான் எங்கள் வீட்டில் சைவம். பசு கன்று ஈன்றால்தான் பால் தரும்; பால் பண்ணைக்குக் காளைக்கன்றால் பயனில்லை. அது எங்கே போகும் என்று யோசித்ததும் பாலும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது.

முதலில் தேநீர். காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன் உட்காரும் எனக்கு ஐந்தரைக்கே ஒரு கோப்பை வேண்டும். காப்பிக் கடையில் வெறுமனே 'தே' என்றால் கெட்டிப்பாலோடு வரும். 'தே சி'யிலும் டின் பால் உண்டு. 'தே ஓ'தான் பாலில்லாதது. முதல் வாரம் கஷாயம் போலிருந்தது. இஞ்சி தட்டிப் போடச் சொன்ன பிறகு பழகிவிட்டது.

சமையல் அவ்வளவு சிரமப்படுத்தவில்லை. இட்லி, சாம்பார், சுண்டல், புளிக்குழம்பு, தேங்காய்ப்பாலில் இடியாப்பம்: எதற்கும் பசு தேவையில்லை. டோஃபுவும் டெம்பேவும் ஈரச்சந்தையிலேயே கிடைக்கின்றன. பேரங்காடியில் விற்கும் வீகன் சீஸ் அந்த விலைக்குத் தகாது என்பது என் கருத்து. பரோட்டா மாவு, வெண்ணெய் முறுக்கு, சில 'சைவ இறைச்சி' வகைகள் ஆகியவற்றில்தான் பாலோ நெய்யோ முட்டையோ ஒளிந்திருக்கும். கேட்டு வாங்குங்கள்.

தயிர்தான் படுத்தியது. தயிர்சாதம் இல்லாமல் எனக்குச் சாப்பாடு முடிந்ததாகவே தோன்றாது. நிலக்கடலையை ஊறவைத்து, அரைத்து வடிகட்டி, காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தோம். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "தயிர் மாதிரி இருக்கு, தயிர் இல்ல" என்றார். கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் வித்தியாசம் பாதியாகிறது.

ஒன்றில் மட்டும் வீராப்பு கூடாது: வைட்டமின் பி12. சைவர்களுக்கு அது பாலிலிருந்து கிடைக்கிறது. செடிகொடிகளை நம்ப முடியாது. உடலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவே சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் நரம்புகள் பாதிக்கப்படக்கூடும். மாத்திரையோ பி12 சேர்த்த சோயா பாலோ அவசியம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் மாறவேண்டாம்.

மனிதர்களிடம் சொல்வதுதான் இன்னும் கூச்சம். பெரியம்மா வீட்டில் கேட்காமலேயே பால் தேத்தண்ணி வந்துவிடும். வேண்டாம் என்றால் முகம் வாடும். இப்போது செருப்பைக் கழற்றும்போதே "எனக்கு வெறும் தேத்தண்ணி, பெரியம்மா" என்று குரல் கொடுத்துவிடுகிறேன். தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுப்பதில் நான் தலையிடுவதில்லை. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு வரை கூடவே நடக்கிறேன்.

பாக்கியிருப்பது தீபாவளி நெய் உருண்டை. சென்ற முறை பாசிப்பருப்பு மாவில் தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பிடித்தோம். உருண்டை வந்தது, வாசம் வரவில்லை. இந்த ஆண்டு நல்லெண்ணெயில் பார்க்கலாம் என்கிறார் அம்மா.