விரைவும் தாழ்ப்பும்

பெருநிறுவனங்கள் புதிய மென்பொருளை விரைந்து புகுத்துதல் நன்றோ, தாழ்த்திப் புகுத்துதல் நன்றோ என்னும் வினாவுக்கு ஒரே விடை கூறுதல் அரிது. 2017 மார்ச்சில் மைக்குரோசொப்ற் நிறுவனம் விண்டோஸ் மென்பொருளின் குறையொன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. அதனைப் பொருத்தாது வாளாவிருந்தோரின் கணினிகளை மே மாதத்தில் வன்னாகிரை என்னும் தீநிரல் முடக்கிற்று. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவும் அதற்குத் தப்பவில்லை.

2024 யூலை 19 இலோ விரைவே கேடாயிற்று. கிரவுட்ஸ்ரைக் நிறுவனம் தன் காவல் மென்பொருளுக்குரிய பிழைபட்ட கோப்பொன்றை விண்டோஸ் கணினிகளுக்கு ஒருங்கே அனுப்பிவிட்டது. 78 நிமிடங்களில் அது மீளப்பெறப்பட்டபோதும், ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன. அவை மீண்டும் இயங்கத் தொடங்காமையால், பெரும்பாலனவற்றை ஒவ்வொன்றாகக் கையாலேயே திருத்த நேர்ந்தது. முதலிற் சிலவற்றுக்கு அனுப்பிச் சிறிது நேரம் நோக்கியிருப்பின் சேதம் அச்சிலவற்றோடு நின்றிருக்கும். அதற்கு மாதக்கணக்கு வேண்டா, மணிக்கணக்கே அமையும். அந்நிறுவனமும் பின்னர் படிப்படியாக அனுப்பும் முறையையே மேற்கொண்டது.