துருப்பிடிச்ச வைஸும் ஒரு எவர்சில்வர் தட்டும்

ஏற்காடு மலைப்பாதை தொடங்குற அடிவாரத்துலதான் என் வீடு. பின்னாடி ஒரு தகரக் கொட்டகை, அதுல ஒரு சின்ன டிரில்லிங் மெஷின். அந்த மெஷினுக்காகச் சேலத்துல ஒரு பழைய இரும்புக் கடையில எடைக்கு வாங்கின மெஷின் வைஸைப் பத்தித்தான் இந்த எபிசோட்.

முதல்ல, வைஸ் எதுக்கு? இரும்புத் துண்டைக் கையால பிடிச்சுத் துளை போட்டா, டிரில் பிட் மறுபக்கம் வெளியே வர்ற நொடியில துண்டைக் கவ்விச் சுழற்றிவிடும். விரல் வெட்டுப்படுறது அப்போதான். அதனால பழைய வைஸைச் சீரமைக்கிறதுன்னா பளபளன்னு ஆக்குறது இல்ல. பொருளை அசையாம, நேரா பிடிக்க வைக்கிறதுதான் வேலை.

வாங்கும்போதே விரிசல் இருக்கான்னு பார்க்கணும். வைஸோட உடம்பு வார்ப்பிரும்பு. அமுக்கத்தை நல்லா தாங்கும். இழுத்தாலோ ஓங்கி அடிச்சாலோ விரிஞ்சுடும். மண்சட்டி வாங்கும்போது சுண்டிப் பார்ப்போமே, அதே மாதிரி தாடையைக் கழற்றிச் சின்ன சுத்தியலால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா நல்லது. சத்தம் மந்தமா வந்தா, மண்ணெண்ணெய் தடவி, நல்லா துடைச்சுட்டு, சாக்பீஸைத் தேய்ங்க. விரிசல் இருந்தா உள்ளே போன எண்ணெய் கசிஞ்சு ஒரு கோடு தெரியும். கோடு தெரிஞ்சா அந்த வைஸ் வேண்டாம். வார்ப்பிரும்புல போட்ட வெல்டை நம்பி விரலை வைக்க முடியாது.

அடுத்தது துரு. நான் தேர்ந்தெடுத்தது மின்பகுப்பு முறை. அமிலம் துருவோட சேர்த்து நல்ல இரும்பையும் அரிக்கும். இதுல அந்தப் பிரச்சினை இல்ல. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, 10 லிட்டர் தண்ணிக்கு சுமார் 3 மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் கிளிப் வைஸுக்கு. பாசிட்டிவ் கிளிப் இன்னொரு உலோகத் துண்டுக்கு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொடக் கூடாது.

அந்த இன்னொரு துண்டா நான் எடுத்தது சமையல்கட்டுல கிடந்த பழைய எவர்சில்வர் தட்டு. துருப்பிடிக்காது, ரொம்ப நாள் வரும்னு நினைச்சேன். ஸ்விட்ச் போடப் போற நேரத்துல பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார். குரோம் முலாம் பட்டறையில வருஷக்கணக்கா வேலை பார்த்தவர்.

“தம்பி, அந்தத் தட்டை எடு. அதுல குரோமியம் இருக்கு.”

“சாப்பிடுற தட்டுதானேண்ணா?”

“சாப்பிடும்போது அதுக்கு யாரும் கரண்ட் கொடுக்கிறதில்லையே.”

அவர் சொன்னது சரி. எவர்சில்வர்ல குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். தட்டுல அது சாதுவா இருக்கு. பாசிட்டிவ் பக்கம் மாட்டினா, குரோமியம்-6 ஆகித் தண்ணியில கரையும். புற்றுநோய் வரவைக்கிற பொருள். ராணிப்பேட்டையில குரோமேட் ஆலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததே, அதுவும் இதே குரோமியம்-6 தான். அண்ணன் புறங்கையில இருந்த பழைய தழும்புகளைக் காட்டினார். அதுக்கு மேல நான் எதுவும் கேட்கல.

நம்ம ஊர்ல இந்தத் தப்பு நடக்க வாய்ப்பு அதிகம். சேலம் உருக்காலை 1981-ல ஓட ஆரம்பிச்சதுலேருந்து, ‘சேலம் ஸ்டீல்’னாலே எவர்சில்வர்தான். எந்த வீட்லயும் ஒரு பழைய தட்டு கிடக்கும். அதைத் தொடாதீங்க. கட்டட வேலையில மிஞ்சின சாதா முறுக்குக் கம்பி போதும். சோடாவுக்குப் பதிலா சமையல் உப்பும் போடாதீங்க, குளோரின் வாயு வரும். ஹைட்ரஜனும் கிளம்பும், அதனால திறந்தவெளியில வைங்க, பக்கத்துல நெருப்பு கூடாது. சார்ஜரை நிறுத்தாம தொட்டிக்குள்ள கை விடாதீங்க.

ராத்திரி முழுக்க ஊறினதும் துரு கறுப்பு மாவா மாறி, பிரஷ்ல தேய்ச்சாலே வந்துடுச்சு. கழுவி உடனே துடைச்சு, எண்ணெய் போடுங்க. மலையடிவார ஈரக் காத்துல சில நிமிஷத்துலயே புதுத் துரு படியும்.

கடைசியா, பிடிப்பு. தாடையோட நாலு மூலையிலயும் ஒவ்வொரு காகிதத் துண்டு வெச்சு, நடுவுல நேரான ஒரு இரும்புத் துண்டைக் கவ்வி இறுக்குங்க. நாலு காகிதமும் ஒரே மாதிரி இறுகியிருக்கணும். எது உருவி வருதோ, அந்த மூலையில பிடிப்பு இல்ல. என்னோடதுல மேல் மூலை ரெண்டும் உருவி வந்துச்சு. இறுக்கும்போது நகரும் தாடை மேலே தூக்கிக்குது. அடியில இருக்கிற தகட்டைக் கழற்றிப் பிசிரை அரத்தால தேய்ச்சு, தாடை வழுக்கிப் போற அளவுக்கு மட்டும் இடம் விட்டு மறுபடி இறுக்கினேன். அப்புறம் நாலும் நின்னுச்சு.

வைஸ் இன்னும் பார்க்க அழகா இல்ல. படுகையில பழைய டிரில் குழிகள் அப்படியே இருக்கு. அந்த எவர்சில்வர் தட்டு மறுபடி சமையல்கட்டுக்கே போயிடுச்சு. என் பத்து விரலும் பத்திரமா இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.