மஞ்சத் தண்ணி வரைக்கும் இருங்க!

வசந்தத்தில் வண்ணம் பூசிக்கொள்ளும் திருவிழா என்றால் மதுரா, பிருந்தாவனம் என்று வடக்கே ரயில் ஏறுவதுதான் வழக்கமாகிவிட்டது. அங்கே போகட்டும், பார்க்கட்டும், நல்ல விஷயம்தான். ஆனால் மாசி அமாவாசைக்குத் தொடங்கி சித்திரை, வைகாசி வரைக்கும் ஒரு வட்டாரமே மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக நிற்கிற அழகு திண்டிவனத்துக்கு மேற்கே 28 கிலோமீட்டரில், செஞ்சியில் இருக்கிறது. அதைத் தேடி வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் தங்குவதில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்தது. மராத்தியப் படைத்தலங்கள் என்ற பெயரில் 12 கோட்டைகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். அதன் பிறகு கார்கள் கூடியிருக்கின்றன. காலையில் வந்து ராஜகிரி ஏறுகிறார்கள், கல்யாண மகால் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள், மதியச் சாப்பாட்டுக்குத் திருவண்ணாமலை போய்விடுகிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அவசரப்படாதீர்கள். இந்த ஊரின் வசந்தம் நடந்து போகிறவர்களுக்கும், ராத்திரி கண்விழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கும்தான் முகம் காட்டும்.

மகா சிவராத்திரிக்கு முன்பே செஞ்சிக்கு வந்து அறை எடுத்துக்கொள்வது நல்லது. சிவராத்திரியன்று மேல்மலையனூர் அங்காளம்மனுக்குக் கொடி ஏறுகிறது. இரண்டாம் நாள் மயானக் கொள்ளை, ஐந்தாம் நாள் தீமிதி, ஏழாம் நாள் தேர். செஞ்சியிலிருந்து வளத்தி வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர். பஸ்கள் நிரம்பி வழியும். கடைசிச் சில கிலோமீட்டரையாவது இறங்கி நடந்துவிடுங்கள். சம்பா அறுத்த தாள் நிற்கிற வயல், பக்கத்திலேயே பச்சை பிடித்து நிற்கிற மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லை, நடுநடுவே யாரோ அடுக்கி வைத்ததுபோல் பாறைக் குன்றுகள். இந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே போனால்தான் மறுநாள் மயானத்தில் நடப்பது விளங்கும்.

மயானக் கொள்ளையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருப்பது அதன் பயங்கரத்தை மட்டும்தான். காளி வேடம் கட்டியவர்கள், கோழியைக் கடித்தபடி அருள் வந்து ஆடுகிறவர்கள், எலும்பு, சாம்பல். தொலைக்காட்சி அதைத்தான் காட்டும். நேரில் நின்று பார்த்தால் கண்ணை முதலில் இழுப்பது விளைச்சல். மயானத்தில் நெல், கம்பு, கேழ்வரகு, மல்லாட்டை, காய்கறி, கொழுக்கட்டை, சுண்டல் எல்லாம் குவிகின்றன. வேண்டுதல் வைத்த விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பம்பையும் உடுக்கையும் முழங்க அம்மன் அங்கே வந்ததும் அத்தனையும் வாரி இறைக்கப்படுகிறது. நாணயங்களும் சேர்ந்து பறக்கின்றன. தலையில் மல்லாட்டை விழுகிறது, தோளில் கொழுக்கட்டை விழுகிறது. கீழே விழுந்ததைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அதை நிலத்தில் போட்டால் வரும் பருவம் பொய்க்காது என்று நம்புகிறார்கள்.

கதை பிரம்மனின் ஐந்தாவது தலையில் தொடங்குகிறது. அதைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டது; போட்ட சோற்றையெல்லாம் அதுவே தின்றது. பித்துப் பிடித்து அலைந்தவர் மலையனூர் மயானத்துக்கு வந்தபோது, அம்மன் மூன்றாவது கவளத்தைத் தரையில் இறைத்தாள். உண்ணும் ஆசையில் கபாலம் கையைவிட்டு இறங்கியது. அவள் விசுவரூபம் எடுத்துக் காலால் மிதித்துக்கொண்டாள். பசியால் பிடித்த பித்தைச் சோற்றை வைத்தே தீர்த்த தெய்வம் அவள். அறுவடை முடிந்த மாசியில், கையில் தானியம் இருக்கிற நாளில், ஊரே அந்தச் செயலைத் திரும்பச் செய்கிறது. இதைவிடப் பொருத்தமான வசந்த விழா ஒன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்தக் கோயிலின் பூசாரிகளும் பரம்பரை அறங்காவலர்களும் மீனவர்களான பருவதராஜ குலத்தவர். கருவறையில் அம்மனோடு புற்றும் வழிபாடு பெறுகிறது. வேடம் கட்டுகிறவர்கள் விடியற்காலையிலேயே பூசத் தொடங்கிவிடுகிறார்கள். பச்சை முகம், நீல முகம், குங்குமத்தைக் குழைத்துப் பூசிய சிவந்த நாக்கு, அட்டையில் செய்த கூடுதல் கைகள். ஒருவருக்கு இன்னொருவர் கண்ணுக்கு மை எழுதுகிறார். மைத்துனர் கண்ணாடி பிடிக்கிறார். அம்மா மஞ்சள் புடவையைக் கொசுவி இடுப்பில் சொருகிவிடுகிறாள். பிள்ளை பிறந்ததற்கு, நோய் தீர்ந்ததற்கு, வழக்கு முடிந்ததற்கு என்று ஒவ்வொரு முகத்துக்குப் பின்னும் ஒரு நேர்ச்சை. படம் எடுக்கிறவர்கள் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். விரதம் இருந்து நிற்கிறவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டுவது மரியாதை இல்லை.

பெரும்பாலானோர் அன்று மாலையே கிளம்பிவிடுகிறார்கள். தேர் வரைக்கும் இருந்துவிடுங்கள் என்பேன். மேல்மலையனூர்த் தேர் ஆண்டுதோறும் பச்சை மரத்தில் புதிதாகச் செய்யப்படுவது. அம்மனின் ஆவேசம் தணியத் தேவர்களே தேரின் உறுப்புகளாக மாறி அவளை அமர்த்திக்கொண்டார்கள் என்று கதை. சாயம் காயாத, மரவாசம் போகாத தேரைப் பல்லாயிரம் பேர் இழுக்கிறார்கள்.

இனி வரும் நாட்கள் பௌர்ணமியை நோக்கி நகர்கின்றன. இடைப்பட்ட நாட்களைச் செஞ்சியில் செலவிடலாம். ராஜகிரியை விடியலில் ஏற வேண்டும். சுமார் 800 அடி உயரம், மாசி வெயிலே சுடும். ஏறும் வழியில் கமலக்கண்ணி அம்மன் இருக்கிறாள். கோட்டையை யார் ஆண்டாலும் அவள் ஆண்டுகொண்டிருந்தாள். 1677-இல் சிவாஜி வந்தார். அவர் மகன் ராஜாராம் முகலாயப் படைக்குத் தப்பி இங்கே வந்து தங்கி, இங்கிருந்தே மராத்திய அரசை நடத்தினார். நீண்ட முற்றுகைக்குப் பின் 1698-இல் கோட்டை விழுந்தது. அடுத்து புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங், அவருக்குப் பின் மகன் தேஜ் சிங், நம் கதைப்பாட்டின் ராஜா தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து 1714 அக்டோபரில் சண்டையில் மாண்டபோது அவருக்கு இருபதைத் தாண்டிச் சில வயதுதான். ரங்கபஞ்சமி ஆடும் நாட்டிலிருந்து வந்தவர்களும், ஹோலி ஆடும் நாட்டிலிருந்து வந்தவர்களும் இந்தப் பாறைகளின் மேல் காவல் இருந்திருக்கிறார்கள் என்பதை மலையுச்சியில் நின்று நினைத்துக்கொள்ளலாம்.

தேசிங்கின் தெய்வம் சிங்கவரத்து ரங்கநாதர். செஞ்சிக்கு வடக்கே சிறு குன்றில், பல்லவர் காலக் குடைவரைக்குள், ஒரே பாறையில் செதுக்கிய நீண்ட பள்ளிகொண்ட கோலம். போருக்கு விடைகேட்டு வந்த தேசிங்கைத் தடுக்கப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொல்வார்கள். பட்டர் தீபத்தைத் தலைப்பக்கம் காட்டும்போது அந்தத் திருப்பம் தெரியும். அவசரமாகப் போனால் தெரியாது.

அதே பெருமாளின் உற்சவர் மாசி மகத்துக்கு மலையைவிட்டு இறங்கிப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போகிறார். அறுபது கிலோமீட்டருக்கும் மேலே. மயிலம் முருகன், திண்டிவனம் சீனிவாசப் பெருமாள், மேல்மலையனூர் அங்காளம்மன் என்று சுற்றுவட்டத் தெய்வங்களெல்லாம் அங்கே கடலாட வருகின்றன. மீனவக் குப்பத்து மணலில் வரிசையாக நிற்கிற அந்தத் தெய்வங்களின் முன்னால் நடந்து போவது ஒரு பெரிய பேறு. பல ஆண்டுகளில் இது வடக்கே ஹோலி கொளுத்துகிற அதே பௌர்ணமியில் விழுகிறது. தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களில் அதே நாட்களில் காமன் பண்டிகை நடக்கும். ஆமணக்கும் வைக்கோலும் கொண்டு காமனை நட்டு, மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய லாவணி பாடுவார்கள். லாவணி மராத்தியரோடு வந்தது. காமனுக்கு விழா எடுப்பதோ சங்கப் பாடல் காலத்திலிருந்தே நமக்குள்ள வழக்கம்.

பங்குனி பிறந்ததும் செஞ்சிச் சுற்றுக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில்களுக்குக் கொடி ஏறத் தொடங்குகிறது. ஒரே நாளில் எல்லா ஊரிலும் நடப்பதில்லை. ஊருக்கு ஊர் தேதி மாறும், வைகாசி வரைகூடப் போகும். என் கணக்கில் இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ப் ஹில்டபீட்டல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி எழுதி 1988-இல் வெளியான தம் பெருநூலின் தலைப்பிலேயே செஞ்சியை வைத்தார். இந்த வழிபாட்டின் மூல வட்டாரம் செஞ்சி என்பது அவர் முடிவு. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் உள்ள கோயிலை மற்ற ஊர்க்காரர்கள் தாய்க்கோயிலாகச் சொல்கிறார்கள். பாரதப் போருக்குப் பிறகு, அசுரனை அழிக்கச் செஞ்சிக் காட்டில் மீண்டும் தோன்றினாளாம் திரௌபதி. அவள் வாசலில் போத்துராஜாவும் முத்தால ராவுத்தனும் காவல் நிற்கிறார்கள். ராவுத்தன் முசுலிம் வீரன். கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி சாதத்துல்லா கான் மசூதி நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு இந்தக் காவல்காரன் நெருக்கமாகிவிடுவான்.

பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருக்கூத்து. போர்வை எடுத்துக்கொண்டு போய், ஊர்க்காரர்களோடு தரையில் உட்கார வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் போய், அனுமதி கேட்டு, வேடம் கட்டுகிற கொட்டகைப் பக்கம் சற்று நேரம் நின்று பாருங்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் வரிசையாகக் காத்திருக்கும். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. கோடு இழுக்க ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிடும். காலையில் ஏர் ஓட்டிய, பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனிதர் அரைமணியில் மறைந்து வேறொருவர் எழுந்து வருகிறார். மத்தளமும் முகவீணையும் தொடங்கி, திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் முதலில் வருகிற அந்த நொடிக்காக எவ்வளவு தூரமும் போகலாம். வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று கதை ராத்திரிக்கு ராத்திரி நகரும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது மேலிருந்து எறிகிற எலுமிச்சைக்கும் விபூதிக்கும் பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருப்பார்கள்.

கடைசி நாள் காலை படுகளம். மண்ணைக் குழைத்துத் தரையில் மல்லாந்து படுத்த பிரமாண்டமான துரியோதனன். பீமன் அவன் தொடையில் அடிக்க, சிவப்பு நீர் பீறிடுகிறது. விரித்த கூந்தலோடு நின்ற திரௌபதி அதைத் தொட்டுத் தலையில் பூசிக் கூந்தல் முடிகிறாள். கூட்டம் அந்த மண்ணுக்குப் பாய்கிறது. வீட்டில் நெல் சேர்க்கிற இடத்தில் போட்டு வைப்பார்கள். மாசியில் மயானத்திலிருந்து மடியில் தானியம் எடுத்துப்போன அதே கைகள்தான். மாலையில் தீமிதி. மஞ்சள் உடுத்து, இடுப்பில் வேப்பிலை கட்டி, ஆணும் பெண்ணுமாகத் தணலில் இறங்குகிறார்கள்.

தீ அடங்கியதும் விழா முடிந்தது என்று நான் பையைத் தூக்கியபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் விடவில்லை. “எங்கப்பா கெளம்பிட்ட? நாளைக்கு மஞ்சத் தண்ணி இருக்குது. அதுக்கு இல்லாம போனா சாமி கும்பிட்டதா ஆவாது” என்றார்.

மறுநாள் தெருவெங்கும் அண்டாவிலும் டிரம்மிலும் மஞ்சள் நீர். அத்தை மகன், மாமன் மகள், கொழுந்தன், அண்ணி என்று முறைக்காரர்கள்தான் ஊற்றிக்கொள்ள வேண்டும். முறை இல்லாதவர் மேல் ஊற்றினால் தப்பு. வெளியூர்க்காரனான எனக்கு முறை ஏது என்று ஒதுங்கி நிற்க, “சித்தப்பா முறை வெச்சுக்கலாம், ஊத்தக் கூடாது” என்றாள் ஒரு பெண். “எனக்கு மாமன்தான்” என்று பின்னாலிருந்து ஒரு குடம் கவிழ்ந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் யார் என்பதை ஊருக்கு இந்த நாளே சொல்லிவிடுகிறது. பெரியவர்கள் பார்த்தும் பார்க்காததுமாகச் சிரிக்கிறார்கள். ஹோலியில் யார் மீதும் யாரும் பூசலாம் என்பது ஓர் அழகு. உறவைச் சொல்லி, பெயரைச் சொல்லி, துரத்திப் பிடித்து ஊற்றுவது இன்னோர் அழகு. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

சில அண்டாக்களில் மஞ்சளோடு சுண்ணாம்பும் கலந்திருந்தார்கள். அது ஆரத்தி நீர்போல இரத்தச் சிவப்பாக நின்றது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டதும் சிவக்கும். அந்தக் காலத்தில் வீட்டில் குங்குமம் செய்ததும் இந்த மாற்றத்தை வைத்துத்தான். கடைப்பொடி எதுவும் வேண்டாம், கொல்லையில் விளைந்த கிழங்கும் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிற சுண்ணாம்பும் போதும்.

கிளம்ப நினைக்கிறவர்களுக்குச் சில செய்திகள். சிவராத்திரி, மாசி மகம் இரண்டும் நாட்காட்டியிலேயே இருக்கும். திரௌபதி அம்மன் விழாக்களுக்குச் சுவரொட்டியும் வாய்ப்பேச்சும்தான் அறிவிப்பு. செஞ்சி கூட்டு ரோட்டு டீக்கடைகளில் எந்த ஊரில் கொடி ஏறியிருக்கிறது, இன்று ராத்திரி எந்தக் கூத்து என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள், போகிற வண்டியையும் நிறுத்தித் தருவார்கள். கூத்துக்குப் போனால் தட்டில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள்; கலைஞர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்தச் சில மாதங்களில்தான் வருகிறது. வெள்ளை வேட்டி கட்டியவர்கள் கறைக்குப் பயப்பட வேண்டாம். சோப்பு பட்டதும் மஞ்சள் சிவந்து திடுக்கிட வைக்கும். அலசி, சித்திரை வெயிலில் காயப் போட்டால் வெளுத்துவிடும்.