சந்திரனும் வேலய்யனும்: 'அகல் விளக்கு' காட்டும் மனவலிமை

பெங்களூரிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் செல்வோர், காட்பாடியைக் கடந்த சிறிது நேரத்தில் 'வாலாஜா ரோடு' என்னும் பெயர்ப்பலகையைக் காண்பர். நீலசந்திராவில் வாழ்ந்துகொண்டு, விடுமுறைதோறும் வேலூர், ஆர்க்காடு பக்கத்துச் சொந்த ஊர்களுக்குப் போய்வரும் குடும்பத்தினருக்கு அது பழகிய பெயராகவே இருக்கும். அந்நிலையத்திற்கு அண்மையில் உள்ள வாலாசாப்பேட்டைதான் மு. வரதராசனின் 'அகல் விளக்கு' என்னும் புதினத்தின் தொடக்கக் களம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு அவ்வூர்ப் பக்கமாகவே செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு அது.

1912ஆம் ஆண்டு பிறந்த மு.வ.வுக்கு அந்த மண் அயலானதன்று. வாலாசாப்பேட்டையை அடுத்த வேலம் என்னும் சிற்றூரே அவருடைய குடும்பத்தின் ஊர். பச்சையப்பன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராகவும், பின்னர் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய அவர், 1958இல் வெளியிட்ட இப்புதினத்திற்கு 1961இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

கதை இரு நண்பர்களைப் பற்றியது. சந்திரன், பெருங்காஞ்சி என்னும் ஊரில் நிலவளம் மிக்க குடும்பத்தில் பிறந்தவன், அழகன், கணக்கில் கெட்டிக்காரன், காண்போரெல்லாம் அவனைப் பாராட்டுகின்றனர். படிப்பதற்காக வாலாசாப்பேட்டைக்கு வருகிறான். வேலய்யன் அவ்வூர்ச் சிறுவன். உடல்நலம் குன்றியவன், கணக்குப் பாடம் அவனுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. சந்திரன்தான் அவனுக்குத் துணை நிற்கிறான். ஆண்டுகள் செல்லச்செல்ல நிலை தலைகீழாகிறது. வேலய்யன் படிப்பை முடித்து, பணியில் அமர்ந்து, கயற்கண்ணியை மணந்து அமைதியாக வாழ்கிறான். சந்திரனோ படிப்பை இழந்து, குடும்பத்தை இழந்து, நோயாளியாகி மடிகிறான்.

'சந்திரன் கெட்டவன், வேலய்யன் நல்லவன்' என்று ஒரே வரியில் விடை எழுதிவிடலாம். அவ்விடைக்கு மதிப்பெண் கிடைக்கவும் கூடும். ஆனால் அது புதினத்தைப் படிக்காமலே எழுதக்கூடிய விடை. இளமைச் சந்திரன் கெட்டவன் அல்லன். நண்பனிடம் அன்புடையவன், தான் அறிந்ததைப் பகிர்ந்துகொள்பவன். அப்படிப்பட்டவன் எந்த இடத்தில் சறுக்கினான் என்பதே ஆராய வேண்டிய வினா.

அந்த இடம் சென்னையில், கல்லூரி நாட்களில் வருகிறது. இமாவதி என்னும் பெண் அவனுடன் நட்பாகப் பழகுகிறாள். அவளுடைய இயல்பான பேச்சையும் உதவியையும் சந்திரன் காதலாகக் கருதிக்கொள்கிறான். அவளுக்கு வேறொருவருடன் திருமணம் என்று அறிந்ததும் எவரிடமும் சொல்லாமல் மறைந்துவிடுகிறான். இங்கே இமாவதியின் மீது குற்றம் காண்பது பிழை. ஆணும் பெண்ணும் நண்பர்களாகப் பழக முடியும் என்று நம்பி, ஒளிவுமறைவின்றி நடந்துகொண்டவள் அவள். தன் விருப்பத்தையே அவளுடைய விருப்பமாக எண்ணிக்கொண்டது சந்திரனின் தவறு. அதனினும் பெரிய தவறு அதன்பின் நடந்தது. ஏமாற்றம் எவர்க்கும் வரும். இளமையில் அது மலைபோலத் தோன்றும். வேலய்யனிடம் ஒருமுறை மனம்விட்டு அழுதிருந்தால் அந்த மலை சில மாதங்களில் கரைந்திருக்கலாம். சந்திரனால் அது இயலவில்லை. எப்போதும் பாராட்டையே கேட்டு வளர்ந்தவனுக்கு, தோற்ற முகத்தோடு நண்பன் எதிரில் நிற்கத் தெரியவில்லை. நீலகிரிப் பக்கம் போய், தன்னை அறியாதவர் நடுவே வாழ்கிறான். ஊர் திரும்பிய பின்னரும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. இடம் மாறாதபோது தீய பழக்கங்கள் ஒளிந்துகொள்ளும் இடமாகின்றன. அவனை நம்பி வந்த மனைவி வள்ளியின் வாழ்வும் அதில் சிதைகிறது.

வேலய்யனின் நிலை வேறு. தான் பின்தங்கியவன் என்பது அவனுக்குச் சிறு வயதிலேயே தெரியும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பிறரிடம் கேட்டுப் பழகியவன். அண்டை வீட்டில், இளமையிலேயே கணவனை இழந்து வாழும் பாக்கியம் அவனுக்குத் தமக்கை போன்றவள். அவளுடைய சொல்லை அவன் மதிக்கிறான். அவனுடைய மனவலிமை பிறவியிலேயே வந்த வரமாகத் தோன்றவில்லை. சிறு தோல்விகளைச் சிறு வயதிலேயே தாங்கிப் பழகியதால் வந்தது; திருத்துவோரை அருகில் வைத்துக்கொண்டதால் நிலைத்தது. சந்திரனுக்கும் அதே பாக்கியம் அருகில் இருந்தாள், அதே வேலய்யன் நண்பனாக இருந்தான் என்பதையும் மறக்கலாகாது.

இந்த ஒப்பீட்டில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கதையைச் சொல்பவன் வேலய்யனே. ஆகவே சந்திரனின் உள்ளத்தை நாம் நேரே காண்பதில்லை. நண்பனின் கண்வழியே, சில வேளைகளில் நண்பனின் அறிவுரைவழியே காண்கிறோம். மு.வ.வின் மாந்தர்கள் ஆங்காங்கே சொற்பொழிவு ஆற்றுவதும் உண்டு. அப்பகுதிகளைவிட, நிகழ்ச்சிகளே அவர்களை நன்கு காட்டுகின்றன. மற்றொன்று சந்திரனுக்கு வரும் தொழுநோய். ஒழுக்கக்கேட்டின் விளைவாக அந்நோயைக் கதைகளில் காட்டுவது அக்கால வழக்கம். உண்மையில் அது நுண்ணுயிரியால் வருவது. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் குணமாகக்கூடியது. அதைத் தண்டனையாகக் கருதி விடை எழுதுவது நோயுற்றோர்க்குச் செய்யும் தீங்காகும்.

இனி, பண்பு மாற்றம் யாரிடம் நிகழ்கிறது? வேலய்யன் வளர்கிறான், ஆனால் மாறுவதில்லை. முதல் இயலில் கண்ட அடக்கம் இறுதி இயலிலும் அப்படியே இருக்கிறது. மாறுபவன் சந்திரன்தான், அதுவும் இருமுறை மாறுகிறான். அவனுடைய வீழ்ச்சியை எல்லோரும் குறிப்பிடுவர். இரண்டாவது மாற்றம் பலருடைய கண்ணில் படுவதில்லை. உருக்குலைந்த நிலையில், இறப்பதற்கு முன் அவன் வேலய்யனோடு பேசுகிறான். மிகுந்த ஒளியோடு எரிந்து விரைவில் கெட்டுப்போன தன் வாழ்வையும், அகல் விளக்கைப்போல் அமைதியாக ஒளிதரும் நண்பனின் வாழ்வையும் ஒப்பிட்டுச் சொல்கிறான். புதினத்தின் பெயருக்கான விளக்கத்தை ஆசிரியர் வேலய்யனின் வாயில் வைக்கவில்லை. வைத்திருந்தால் அது தற்புகழ்ச்சியாகியிருக்கும். தோற்ற முகத்தை நண்பனுக்குக் காட்ட அஞ்சி ஓடியவன், அந்த முகத்தோடு நண்பனின் எதிரிலேயே இருந்து, தவறு தன்னுடையது என்று சொல்லிவிட்டு இறக்கிறான்.