விதி இருக்கும்போது பத்தியம் எதற்கு?

வலீமா விருந்துகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. சர்க்கரை நோயுள்ள ஒருவர் பிரியாணியை முடித்துவிட்டு ப்ரெட் அல்வாவுக்குக் கை நீட்டுவார். பக்கத்தில் இருப்பவர் தடுத்தால், "மவுத் எப்ப வரணுமோ அப்பதான் வரும் பாய்" என்பார். ஈமானின் பேச்சு போலத்தான் இருக்கும்.

அஜல் எழுதப்பட்டுவிட்டது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதே விதியை நம்பிய உமர் (ரலி) அவர்கள், ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு, வழியிலேயே மதீனாவுக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) பதில் சொன்னார்கள் (புகாரீ). தவிர்ந்துகொள்வதும் விதிக்குள்தான் இருக்கிறது.

உணவைப் பற்றியே நேரடியாக ஒரு ஹதீஸ் உண்டு. அன்ஸாரிப் பெண்மணி உம்முல் முன்திர் (ரலி) வீட்டுக்கு நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுடன் வந்தார்கள். அலீ (ரலி) அப்போதுதான் நோயிலிருந்து தேறியிருந்தார்கள். தொங்கவிட்டிருந்த பேரீச்சங்குலையிலிருந்து நபி (ஸல்) உண்டார்கள்; அலீ (ரலி) உண்ண எழுந்தபோது தடுத்துவிட்டார்கள். பிறகு பார்லியும் கீரையும் சேர்த்துச் சமைத்து வந்தபோது, இது உமக்குப் பயன் தரும் என்று அதை உண்ணச் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதீ). தடுக்கப்பட்டது ஹராமான பொருளல்ல, பேரீச்சம்பழம்! ஒருவருக்கு ஆகுமான உணவு, அதே வேளையில் மற்றொருவருக்கு ஆகாமல் போகலாம்.

"பேரீச்சம்பழம் சுன்னத்தான உணவு, அதில் சர்க்கரை ஏறாது" என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். காய்ந்த பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாம் சத்தமில்லாமல் கெடும். உப்பும் இப்படித்தான். அது உடம்பில் நீரைத் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே சாப்பாட்டில் சேர்ந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உணவை மாற்றினால் ஓர் ஊரே மாறுமா? பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் மாறியது. வெண்ணெயும் கொழுப்புப் பாலும் உப்பும் மிகுந்த சாப்பாடு. நடுவயது ஆண்கள் மாரடைப்பில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். 1972இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. பெண்கள் சங்கத்தினர் ஊர் ஊராகக் கூடி, பழைய சமையலையே கொழுப்பும் உப்பும் குறைத்துச் சமைத்துக் காட்டினார்கள். சுமார் 35 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதய நோய் மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குறைந்தது. புகைப்பழக்கம் குறைந்ததும் ஒரு காரணம், பெரும்பங்கு உணவுடையது. மாற்றம் அடுப்பங்கரையில் தொடங்கியதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் பத்தியம் என்றால் வாப்பாவுக்கு மட்டும் தனிச்சட்டி வைப்பார்கள். நான்கு நாளில் அவர் பிள்ளைகளின் தட்டுக்கே வந்துவிடுவார். குறைத்த உப்பும் எண்ணெயும் எல்லோருக்கும் ஒரே சட்டியில் இருந்தால்தான் நிலைக்கும்.

ரமளான் வருமுன் சர்க்கரை நோயாளிகள் மருத்துவரிடம் மாத்திரை, இன்சுலின் அளவைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழமே போதும், சுன்னத்தும் நிறைவேறிவிடும்.