கிணற்றின் குருட்டுயிர்கள்

களனியாற்று நீரைக் குழாயிற் பெறும் பேலியகொடை வாசிகளாகிய நாம் ஊர்க்கிணற்றை மறத்தல் எளிது. வற்றாத ஆறில்லா யாழ்ப்பாணத்திற் சுண்ணக்கல் உறிஞ்சிய மழைநீரே கிணற்றுநீர். தோட்டங்களுக்கு இடும் யூரியா நைத்திரேற்றாக மாறி அப்பாறை வெடிப்புகளூடே இறங்குகின்றது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைப் பல கிணறுகள் கடந்துள்ளன. குழந்தைகட்கு இதனாலாகும் கேட்டைப் பலரும் பேசுவர். நிலத்தடி நீரிலேயே பிறந்து மடியும் பிராணிகளை நினைப்பார் அரியர்.

கேரளத்துக் கோட்டயக் கிணறுகளில் வாழும், 1950இல் மேனன் என்னும் விலங்கியலறிஞர் விவரித்த கெளிற்று மீனுக்குக் கண்ணே இல்லை. தோலூடே குருதி சிவந்து தோன்றும். பிற நாட்டு நிலத்தடி நீரிற் பெரும்பாலன இறாலினத்துச் சிற்றுயிர்கள். இருளில் உணவு அரிதாகலின் இவை மெல்ல வளர்ந்து சில முட்டைகளே இடும். எருக்கழிவு இறங்கினாற் பற்றீரியங்கள் பெருகிப் பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மாண்ட இனம் மீளப் பெருக நெடுங்காலமாகும். அப்பற்றீரியங்களை மேய்ந்து பாறைத் துளைகள் தூர்ந்துபோகாமற் காப்பனவும் இச்சிற்றுயிர்களே.