வந்த நாளையும் கொண்டாடுவோம்

குழந்தைகள் நலப் புறநோயாளிகள் பிரிவுக்குப் புதிதாக வரும் பெற்றோரிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சில உண்டு. சுகப்பிரசவமா, அறுவைச் சிகிச்சையா? பிறந்தபோது எடை எவ்வளவு? குழந்தை உடனே அழுததா? தாய்ப்பால் எத்தனை மாதம் கொடுத்தீர்கள்? பல ஆண்டுகளாக இவற்றை எவ்விதத் தயக்கமும் இன்றிக் கேட்டுவந்தோம்.

ஒருநாள், மதுரையை அடுத்த கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பதியர் எட்டு மாதப் பெண் குழந்தையுடன் வந்தனர். முதற்கேள்வியைக் கேட்டதும் மனைவி கணவரை நோக்கினார்; கணவர் தரையை நோக்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் செவிசாய்த்துக்கொண்டிருந்தனர். சற்றுப் பொறுத்து அந்தப் பெண், "டாக்டர், பாப்பா எங்ககிட்ட வந்து மூணு வாரந்தான் ஆகுது" என்றார். பிழை எங்களுடையது. அன்றுமுதல், "குழந்தை உங்களிடம் எப்போது வந்தது? பிறப்பைப் பற்றி என்னென்ன தெரியும்?" என்று தனியறையில் கேட்கப் பழகிக்கொண்டோம்.

அன்று அவர்கள் சொன்ன மற்றொரு செய்தியும் எங்கள் நினைவில் நிற்கிறது. குழந்தையை முதன்முதலாக ஆலயத்துக்குக் கொண்டுசென்றபோது, உறவினர் ஒருவர், "இன்னும் கொஞ்சம் பொறுத்து ஜெபிச்சிருந்தா சொந்தமாவே ஒண்ணு கிடைச்சிருக்குமே" என்றாராம். அவர் தீய எண்ணத்துடன் அதைச் சொல்லவில்லை. எனினும், மடியிலிருந்த குழந்தை 'சொந்தம்' அன்று என்ற தீர்ப்பு அச்சொல்லில் அடங்கியிருந்தது. பிறரைவிட, விவிலியம் வாசிப்போர் அச்சொல்லைச் சொல்லத் தயங்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

விவிலியம் காட்டும் உறவு

தாய் தந்தையை இழந்த எஸ்தரை உறவினனான மொர்தெகாய் தன் மகளாக வளர்த்தான். மோசேயைப் பார்வோனின் மகள் வளர்த்தாள். ஆயினும் அவனைப் பெற்றவளே பாலூட்டினாள், உடன்பிறந்தவள் ஆற்றங்கரையில் காவல் நின்றாள். வளர்த்தவளைப் போற்றுவதற்காகப் பெற்றவளை அந்த வரலாறு இழிவுபடுத்தவில்லை. இயேசுவுக்குப் பெயரிடும் தந்தையின் கடமை யோசேப்புக்கே அளிக்கப்பட்டது. மத்தேயு எழுதிய வம்ச வரலாறு, தாவீதின் வழியை யோசேப்பின் மூலமே இயேசுவுடன் இணைக்கிறது. பவுல் அடிகளார் கடவுளுக்கும் மனிதருக்கும் உள்ள உறவை விளக்கத் தேர்ந்த சொல் 'புத்திர சுவிகாரம்'. அவர் காலத்து ரோமச் சட்டத்தில், சுவிகாரம் எடுக்கப்பட்ட மகன் முழு உரிமையுள்ள வாரிசு. ஆகவே, தத்தெடுத்தலை இரண்டாந்தரப் பெற்றோர்மை என்று கருதுவதற்குக் கிறிஸ்தவ நம்பிக்கையில் இடமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. குழந்தையை 'நாங்கள் காப்பாற்றினோம்' என்று எண்ணுவதும், அதை நற்செயலாகச் சபையில் எடுத்துரைப்பதும் பொருந்தா. நன்றிக்கடன் சுமந்து வளரும் பிள்ளை, சினம் கொள்ளவும் அடம்பிடிக்கவும் அஞ்சும். பெற்ற பிள்ளையிடம் நாம் நன்றியை எதிர்பார்ப்பதில்லை, இப்பிள்ளையிடமும் அப்படியே.

டோனாவூரின் பாடம்

நம் தென்மாவட்டங்களிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1867இல் அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1901இல் கோயிலிலிருந்து தப்பிவந்த ஒரு சிறுமிக்கு அடைக்கலம் தந்தார். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் அது பெரியதொரு குடும்பமாக வளர்ந்தது. அங்கே அவர் 'அம்மா'. உடன் பணிபுரிந்தோர் 'சித்தி', 'அக்கா', 'அண்ணாச்சி'. கைக்குழந்தைகள் நோயால் மாண்டபோது, மருத்துவமனை அருகிலிருந்த நெய்யூரில் குழந்தைகள் இல்லம் ஒன்று அமைந்தது. பொன்னம்மாள் என்னும் தமிழ்ப் பெண்மணி அதைப் பொறுப்பேற்று நடத்தினார். 1951இல் மறையும்வரை அம்மையார் தாயகம் திரும்பவில்லை.

பிள்ளைகளுள் பலருக்குப் பிறந்த நாள் தெரியாது. எனவே, அவர்கள் வந்துசேர்ந்த நாளே அங்கு விழாவாயிற்று. 'நீ எங்களிடம் வந்த நாள் எங்களுக்கு மகிழ்ச்சியான நாள்' என்பதை ஆண்டுதோறும் கேட்டு வளரும் குழந்தையிடம் வரலாற்றை மறைக்க வேண்டிய தேவையே எழாது.

சட்டம் கடந்துவந்த பாதை

கிறிஸ்தவப் பெற்றோர்க்குச் சட்டத்தின் கதவு தாமதமாகவே திறந்தது. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கே உரியது. ஏனையோர் 1890ஆம் ஆண்டின் சட்டப்படி 'பாதுகாவலர்' மட்டுமே ஆக முடிந்தது. பிள்ளை பெரியவரானதும் அவ்வுறவு சட்டத்தின் பார்வையில் முடிந்துவிடும். 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்நிலையை மாற்றின. எம்மதத்தவரும் அச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இன்று 2015ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையில் உள்ளது. 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார்.

விரும்புவோர் 'காரா' எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். தம்பதியராயின் மணமாகி இரண்டு ஆண்டுகளேனும் ஆகியிருத்தல் வேண்டும். தனித்து வாழும் பெண்ணும் தத்தெடுக்கலாம். குழந்தையின் மருத்துவ அறிக்கையைத் தமக்கு விருப்பமான மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கும் உரிமை பெற்றோர்க்கு உண்டு.

குறுக்கு வழி வேண்டாம். "தெரிந்த நர்ஸ் ஒருவர் இருக்கிறார்" என்று யாரேனும் சொன்னால் விலகிவிடுங்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் குற்றம். மருத்துவமனை ஊழியரே அதைச் செய்தால் 3 முதல் 7 ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை உண்டு.

பிள்ளையை வளர்க்க இயலாத தாய்க்கும் மதிப்பான வழி இருக்கிறது. குழந்தை நலக் குழுவின் முன் ஒப்படைத்தபின், மனம் மாறுவதற்கு 60 நாள் அவகாசம் உண்டு. 1980களில் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக் கொலைச் செய்திகள் நாட்டை உலுக்கின. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரைக்கும் விரிந்தது. தொட்டிலில் விட்டுச்சென்றவளைத் தூற்றாதீர்கள். அவள் தன் குழந்தை வாழ வேண்டும் என்று முடிவு செய்தவள். உதவிக்கு 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

மருத்துவர்களாக நாங்கள் சொல்வது

குழந்தை வந்த சில நாள்களுக்குள் முழுப் பரிசோதனைக்கு அழைத்துவாருங்கள். தடுப்பூசி அட்டை இல்லாவிடினும் கவலை வேண்டாம். விடுபட்டவற்றை முறையாகப் போட்டுக்கொள்ளலாம். இரத்தசோகை, தைராய்டு, செவித்திறன், வளர்ச்சிப் படிகள் ஆகியவற்றைப் பார்ப்போம். எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் சோதனையில் 'உண்டு' என வந்தாலும் அஞ்சி விலகிவிடாதீர்கள். தாயிடமிருந்து வரும் எதிர்ப்பொருள் 18 மாதம்வரை குழந்தையின் இரத்தத்தில் இருக்கக்கூடும், பி.சி.ஆர். சோதனையே உண்மையைக் காட்டும்.

"பாப்பா அழுவதே இல்லை, ரொம்ப சமத்து" என்று சில பெற்றோர் மகிழ்வர். அழுதும் யாரும் வராத இடத்தில் இருந்த குழந்தை, அழுவதை விட்டுவிடுவதும் உண்டு. சில வாரங்களில் அது அழத் தொடங்கினால், உங்களை நம்பத் தொடங்கிவிட்டது என்று பொருள் கொள்ளலாம். முதல் சில வாரங்கள் ஊட்டுதலும் உறங்கவைத்தலும் பெற்றோரின் கையிலேயே நடக்கட்டும். பிள்ளைபெற்ற தாய்க்கு வரும் மனச்சோர்வு, தத்தெடுத்த தாய்க்கும் வரலாம். அதை நன்றியின்மை என்று யாரும் பழிக்க வேண்டாம், எங்களிடம் சொல்லுங்கள். உண்மையைப் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே கதைபோலச் சொல்லத் தொடங்குங்கள். பதினைந்தாம் வயதில் மற்றவர் வாயால் கேட்பது ஆறாக் காயமாகும்.

சபை என்ன செய்யலாம்?

பிரசவமான வீட்டுக்குச் செய்வதை இவ்வீட்டுக்கும் செய்யுங்கள். சமைத்துக் கொடுங்கள்; துணி துவைத்துக் கொடுங்கள். பார்க்க வருவோர் குழந்தையைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்குவதைத் தவிருங்கள். ஞானஸ்நானப் பதிவிலும் ஞாயிறு பள்ளியிலும் எவ்வித அடைமொழியும் இன்றி இன்னாரின் மகள் என்றே அழையுங்கள். "யார் பெத்த பிள்ளை, எந்தச் சாதி, நிறம் கொஞ்சம் மட்டோ?" என்ற கேள்விகளை ஆலய வாசலிலேயே நிறுத்துங்கள். குழந்தைப்பேறு இல்லாதோரின் விசுவாசத்தை அளக்காதீர்கள். தத்தெடுக்க விரும்பாதவரையும் நெருக்காதீர்கள். அது ஒவ்வொருவருக்கும் உரிய அழைப்பன்று. ஆனால், தத்தெடுத்தவரைத் தாங்குவது அனைவருக்கும் உரிய கடமை.

இவை கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய அறிவுரைகள் அல்ல. எம்மதத்தைச் சேர்ந்த குடும்பமாயினும் குழந்தையின் தேவை ஒன்றே.

இப்போது எங்கள் நோயாளர் ஏட்டில் பிறந்த தேதிக்குக் கீழே, வேண்டியவர்க்கு மட்டும் 'வந்த நாள்' என்றும் குறித்துக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் இருப்பின், அடுத்த முறை வரும்போது எங்களிடம் சொல்லுங்கள். மருந்துச் சீட்டு எழுதுமுன் வாழ்த்துச் சொல்ல விரும்புகிறோம்.